கரண்டு வேலி

"வள்ளித்தாய் டீச்சரக் கூப்பிடுங்க, மேடம்!"

தோப்புக்காரர் நம்பிராஜன் போட்ட சத்தத்தில், தென்காசிப் பள்ளிக்கு அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியை ஷெர்லின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

வள்ளித்தாய் சாக்பீஸ் கையோடு வந்து நின்றாள்.

"யானைப் பாடம் நடத்துதேன்னு பிள்ளைகளத் தூண்டி விடுதாவ. குற்றாலத்துத் தோப்புல நான் கரண்டு வேலி போட்டத எவனோ ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிட்டான். எந்தப் பிள்ளைன்னு கேளுங்க."

"யானை நடக்குத வழியில கரண்டு வச்சா அது செத்துப்போகும். அதத்தான் சொல்லிக் கொடுத்தேன். நாளைக்கும் சொல்லுவேன்" என்றாள் வள்ளித்தாய்.

"தென்னையெல்லாம் சாய்ச்சிட்டுப் போகுதே, நஷ்டம் யாருக்கு?"

"அந்த நஷ்டம் எனக்கும் தெரியும். பிள்ளைகள விடுங்க. போன் போட்டுச் சொன்னது நான்தான்."



ஷெர்லின் பதறினாள். "என்ன டீச்சர் இப்படிச் சொல்லிட்டீங்க? அண்ணாச்சி உங்கள சும்மா விடுவாங்களா?"

வள்ளித்தாய் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நம்பிராஜனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, வீட்டுச் சாவி. குக்கர்ல சோறு இருக்கு, சாப்பிடுங்க. சாயங்காலம் நான் தோப்புக்கு வரும்போது அங்கன அந்த வேலி இருக்கக் கூடாது."