பொடிக்கு எண்ணெய்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, தாய்லாந்தின் ஒரு கடற்கரை ஊரில், விடுதியின் மூன்றாம் மாடியில் அமர்ந்து சூடான சோற்றின் மேல் பருப்புப்பொடியைத் தூவினாள் அல்லி.

"எண்ணெய் எங்கடி?" என்றான் அவள் கணவன் இன்பசேகரன்.

"மறந்துட்டேன்ப்பா."

"முதுகுல தூக்குற பையில இஸ்திரிப்பெட்டி இருக்கு, எண்ணெய் இல்லையா! சோத்த மூடி வை, ஆறிடும்."

சிரித்துக்கொண்டே கடைக்கு இறங்கினான். அவன் தெருவைக் கடப்பதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. பதினாறு நாள் தேடினாள். உடல் கிடைக்கவில்லை.

வருடங்கள் போய்விட்டன. ரேஷன் கடைக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவர் பேர எடுத்துரலாமாம்மா?"

"இருக்கட்டுங்க" என்றாள்.

குடும்ப அட்டையில் இன்றும் இரண்டு பேர்.