ஆர்டர் வருவதற்கு முன்

அல்வாலில் ரூஃபஸின் பட்டறையில் பலகைகளும் கைப்பிடிகளும் அளவுவாரியாக அடுக்கியிருக்கும். ஆர்டர் வந்த பிறகுதான் பொருத்துவார்கள். போன வாரம்தான் சரக்கு இருப்பைக் கவனிக்கச் சேர்ந்தவள் ஸ்டெஃபி.

"அங்கிள், ஒண்ணை ஃபிட் பண்ணி வச்சுட்டேன். ஆர்டர் வந்ததும் அனுப்பிடலாம், ரெண்டு மணி நேரம் மிச்சம்!"

ரூஃபஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆர்டர் வராம ஃபிட் பண்றது நக்கோ, வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே!"

"முன்னாடி ரெண்டு தரம் அப்படிப் பண்ணோம். ரெண்டு தரமும் அன்னிக்கே, அதே சைஸுக்கு ஆர்டர் வந்துச்சு."

ஸ்டெஃபி சிரித்தாள். "அப்போ சூப்பர் பிளானிங்தானே, அங்கிள்?"

"ரெண்டாவது எங்கம்மாவுக்கு."

அவர் விறுவிறுவென்று உள்ளே போய், அவள் பொருத்திய சவப்பெட்டியின் மூடியிலிருந்து சிலுவையைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன சைஸும்மா இது?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம். சரியா இருக்கான்னு நானே படுத்துப் பாத்தேன்."

அவள் கைபேசி ஒலித்தது. திரையில் 'வீடு' என்றிருந்தது.

ரூஃபஸின் கை நின்றது. மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல உன் உயரத்துக்கு வேற யாரும்மா இருக்காங்க?"