விட்ட குருவி

"நீ விடுற குருவியையே திரும்பப் பிடிச்சு உன் தலையிலயே கட்டுறா அந்தக் கூண்டுக்காரி," என்றார் கனகசபை. ரங்கூனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் அவர். வாராவாரம் புத்தர் கோயில் படிக்கட்டில் ஒரு சில்லைக் குருவியை வாங்கிப் பறக்கவிடுவது அவர் மனைவி அம்சவேணிக்கு வழக்கம்.

"எல்லாச் சில்லையும் ஒரே அச்சுலதாங்க இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"படம் எடுத்துப் பாத்துருவோம்."

அந்த வாரம் வாங்கிய குருவியை அவள் கையில் வைத்தே படம் எடுத்தார். பிறகு அவள் பறக்கவிட்டாள். அன்றிலிருந்து அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாந்த வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் விட்டதையும் படம் எடுத்தார்.

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மார்புப் புள்ளிகளை ஒப்பிட்டார். இடப்பக்கம் ஒரு புள்ளி இரண்டிலும் உடைந்திருந்தது.

"அதே குருவிதான். நான் சொன்னேனா இல்லையா?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சத்தியமா அதேதான்."

அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பொழைச்சுக்கிடுச்சு. போன வாரம் விட்டதும் ஒரு பருந்து அது பின்னாலயே போச்சுங்க. நீங்க கேமராவை மடக்கிக்கிட்டு இருந்தீங்க, பாக்கல."

அடுத்த வாரம், கூண்டுக்கு முன் குனிந்து அந்த உடைந்த புள்ளியைத் தேடியது கனகசபைதான்.