துடுப்பில் கட்டிய சட்டை

பிளக்கில் பொறி நீலமாகத் துள்ளியது.

அவள் நம்பவில்லை.

கரையில் நன்றாக ஓடுகிறது, கடலுக்குள் போனால் நின்றுவிடுகிறது என்று சொல்லித்தான் அந்தப் படகுக்காரன் எஞ்சினைக் கொண்டுவந்து போட்டிருந்தான். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட பழைய எஞ்சின். பழைய பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு, பொறி கொடுக்க எலக்ட்ரானிக் யூனிட் மாட்டியிருந்தார்கள். காயிலை மாற்றிப் பார்த்தாள். எர்த் வயரைச் சுரண்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

துணியை அடுப்பில் காட்டி, குழந்தை வயிற்றுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் யூனிட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

பொறி செத்தது.

ஆறவிட்டாள். திரும்பவும் நீலம்.

சூடானால் மயங்கும், ஆறினால் எழும்பும். அவ்வளவுதான் கோளாறு. புது யூனிட் மேசையிலேயே இருந்தது.

அவள் பழையதையே வைத்துத் திருகாணியை முறுக்கினாள்.

அவள் புருஷன் ததேயுவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றபோது, சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி நிமிர்த்திப் பிடித்திருக்கிறான். அதைக் கண்டால் எந்தப் படகும் திரும்ப வேண்டும். வலையை அறுத்துவிட்டாவது திரும்ப வேண்டும். ஒரு படகு கிட்டத்தில் வந்து விலகிப் போனது. இருட்டுவதற்குள் காற்று பிடித்து வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்தவன் மட்டும் கரை சேர்ந்தான். விலகிப் போனது இந்த எஞ்சின்காரனின் படகு என்று ஊரறியச் சொன்னான்.

இவன் கோயிலில், பீடத்துக்கு முன்னால் நின்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். சட்டையா, நான் பார்க்கவே இல்லையே என்று சத்தியம் செய்தான். ஊரும் நம்பியது.

பாவி. இப்போது வாய் கூசாமல், சொந்த அண்ணன் பெண்டாட்டியைப்போல் மயினி என்று கூப்பிடுகிறான்.

பழுது பார்த்தவர் முதல் ஓட்டத்துக்குப் படகில் ஏற வேண்டும். அந்தக் கரையின் வழக்கம் அது. யாரும் கூப்பிடும் முன்பே அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர்கள் இருவர் மட்டும் போனார்கள்.

கரை மறைந்தது.

எஞ்சின் நின்றது.

அவன் எஞ்சினில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கை உரிந்ததும் கயிற்றை வீசிவிட்டு உட்கார்ந்தான். நீரோட்டம் படகைத் தெற்கே தள்ளியது.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

வெகு நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அவன் பொத்தான்கள் தெறிக்கச் சட்டையைக் கழற்றினான். துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்தான்.

படகு திரும்பவில்லை. சிறிதாகி, இல்லாமல் போனது.

"பாத்துட்டுதாம் போறான் மயினி. இந்தத் தூரத்துக்குச் சட்டை தெரியாம இருக்குமா?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. துடுப்பு மெல்லத் தாழ்ந்தது.

"இதக் கோயில்ல வந்து சொல்லுவியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக ஆறியிருந்தது. ஒரு இழுப்பு போதும்.

கீழே கிடந்த கயிற்றை எடுத்தாள். நிதானமாகச் சுருட்டினாள். மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.