உருக்கிய பிறை

“அக்கா இண்டைக்கும் வந்து நிக்கிறா, அப்பப்பா.”

மகேந்திரராசா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். ஆர்த்திகாவுக்கு நாலு வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு எந்த அக்காவும் கிடையாது.

“எங்க நிக்கிறா?”

“அறைக் கதவடியில. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டா.”

முகம் காட்டாமல் நிற்பது எது என்று கிழவருக்குத் தெரியும். பிள்ளையின் கழுத்தில் கிடந்த பொன் பிறையைப் பார்த்தார்.

“தாட்சாயினி! இந்தச் சனியனைக் கழட்டு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாமா, அது ரோமாபுரி ஆக்கள் அந்தக் காலத்தில பிள்ளையளுக்குக் காவலாக் கட்டினது. நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற கத்தரின் கிழவி தன்ர கழுத்தால கழட்டித் தந்தவ. ஆர்த்தி முந்தி நித்திரையில வீரிட்டுக் கத்துவாளே, இப்ப கத்துறாளோ?”

“காவலாம் காவல்! அந்தக் காலத்துப் பிள்ளை ஒண்டின்ர புதைகுழியைக் கிண்டி எடுத்த சாமான். காவல் எண்டால் அதைக் கட்டின பிள்ளை ஏன் செத்தது? இப்ப நகையைத் தேடி வந்து நிக்குது!”

அவள் வேலைக்குப் போனதுதான் தாமதம். பேத்தியைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் பனியில் இறங்கி, பார்க் எக்ஸ்டென்ஷன் தெருமுனையில் இருந்த செபமாலையின் நகைக்கடைக்குப் போனார்.

“அண்ணை, இது மியூசியத்தில இருக்கவேண்டிய சாமான். உருக்கினால் திரும்பி வராது.”

“வராமல் இருக்கத்தான் உருக்கச் சொல்லுறன். என்ர கண்ணுக்கு முன்னால உருக்கு.”

யாரையும் நம்பாத மனுசன். பிறை நெளிந்து, கரைந்து, ஒரு குண்டுமணியாகச் சுருளும்வரை அசையாமல் நின்றார். அதற்குப் பதிலாக வாங்கிய பஞ்சாயுதப் பதக்கத்தை அங்கேயே பேத்தியின் கழுத்தில் கட்டினார். ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டுகிற காவல். இதில் செத்த பிள்ளை எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்தார்.

“அக்கா நிக்கிறாவோ, பிள்ளை?”

“இல்லை. போயிட்டா.”

கிழவருக்கு மூச்சு வந்தது. பிள்ளையைக் கட்டிலில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். அவள் வாசலையே பார்த்தபடி காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“அக்கா மறிச்சு வச்சிருந்தவர் உள்ள வாறார், அப்பப்பா.”