ஓஸ்லோ சம்பந்தம்

“அரே, இதுவும் தப்பு!” பிரேமலதா மிஸ் ஸ்கேலால் போர்டை அறைந்தாள். மற்றவர்கள் போய்விட்ட அந்த மும்பை செம்பூர் கோச்சிங் வகுப்பில், ஷாலினியின் அப்பா நம்பிராஜன் மட்டும் முதல் பெஞ்சில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

போர்டில் நார்வே மொழியில் இரண்டிரண்டாக வாக்கியங்கள். ஒன்று சரி, இன்னொன்று தப்பு. சரியானதைத் தொட வேண்டும். ஷாலினி இதுவரை ஒன்றைக்கூடச் சரியாகத் தொடவில்லை.

“எத்தனை தடவை சொல்றது? நம்ம தமிழ் மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில கொண்டுபோய் வைக்கக் கூடாது. ‘நேத்து நான் தாதருக்குப் போனேன்’ இல்ல. ‘நேத்து போனேன் நான் தாதருக்கு’. முதல்ல எது வந்தாலும் வினைச்சொல் ரெண்டாவது இடத்துலதான்!”

ஷாலினி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஜோடிக்குப் போனாள். சொல்லிவைத்தாற்போல அதிலும் தப்பையே தொட்டாள்.

நம்பிராஜன் எழுந்தேவிட்டார். “ஏட்டி, மூளையை வீட்டுல கழட்டி வச்சிட்டா வந்த? நார்வே பாஷைப் பரீட்சை பாஸ் பண்ணாத்தான் தாலின்னு ஓஸ்லோ மாப்பிள்ளை வீட்டுல ஏக்தம் கறாரா சொல்லிட்டாவ. உன் காலேஜையே நிறுத்தி இங்க கொண்டாந்து சேத்திருக்கேன். என் மானத்தை வாங்குதியே!”

மனுஷர் தாராவி முழுக்கத் தம்பட்டம் அடித்துவைத்திருந்தார். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் வீட்டில் பூகம்பமே வெடிக்கும் என்று ஷாலினிக்குத் தெரியும்.

“உங்க பொண்ணுக்கு இது இந்த ஜென்மத்துல வராது சார். பேசாம கூட்டிட்டுப் போங்க,” என்றாள் மிஸ்.

“நீங்க சொல்லிக்குடுக்குத லட்சணம் அப்படி இருக்கு டீச்சர்!” அதே சூட்டில் மகள் பக்கம் திரும்பினார். “அடுத்த வாரமும் வந்து உக்காருவேன். அப்பவும் தேறலைன்னா, கல்யாணமே வேண்டாம்னு நானே போன் போட்டுச் சொல்லிருதேன். அப்புறம் இருக்குட்டி உனக்கு! சீக்கிரம் இறங்கி வா.”

தடதடவென்று படியிறங்கிப் போய் அவர் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. மிஸ் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி ஷாலினியை முறைத்தாள்.

“அடுத்த வாரம் நாலஞ்சையாவது சரியா தொடுடீ. எல்லாத்தையும் தப்பா தொட்டா, உனக்கு எல்லாமே தெரியும்னு உங்கப்பா கண்டுபிடிச்சிடுவார்!”