மூன்றாவது முட்டை

நாமக்கல் கல்லூரியின் மேக்கர் லேபில் சேர்ந்ததும் மெர்லினுக்குக் கிடைத்த வேலை, த்ரீடி பிரிண்டரில் ஒரு பிளாஸ்டிக் முட்டை செய்வது. உள்ளே சென்சார் பொருத்தி, இன்குபேட்டரில் நிஜ முட்டைகளோடு வைத்தால் சூடு சரியா என்று சொல்லிவிடும். சென்சார் வருவதற்குள் வெறும் முட்டையை மட்டும் அச்சடித்து, வைத்துப் பார்த்தாள்.

மற்ற முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்த அன்று, பிளாஸ்டிக் முட்டைக்குள்ளும் தட்டும் சத்தம் கேட்டது.

பயிற்றுநர் அறிவழகன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறவில்லை. சரியாக வராததை அரைத்து, உருக்கி, மறுபடி பிரிண்டருக்குப் பிளாஸ்டிக் கம்பியாக இழுப்பது அந்த லேபின் வழக்கம்.

"அரவை மிஷின்ல போட்டுரு சாமி."

"உள்ள உசிரு இருந்தா சார்?"

"முட்டக்கோழிப் பண்ணைக்கு சேவக்குஞ்சு எதுக்கு? அத உசிரோட எந்த மிஷின்ல போடுறாங்கன்னு இந்த ஊர்ல பொறந்த உனக்குத் தெரியாதா?"

மெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள்.

அதை உருக்கி இழுத்த கம்பியில் அச்சடித்த இரண்டாவது முட்டை, மேசையில் சூடு ஆறுவதற்குள் தட்டியது. அதைக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டாள்.

"கை பழகிருச்சு," என்றார் அறிவழகன்.

மூன்றாவது முட்டை பாதி அச்சாகும்போதே தட்டத் தொடங்கியது. இன்னும் மூடாத மேல்பக்கம் வழியாகக் குனிந்து பார்த்தாள். உள்ளே பிரிண்டர் அடித்த வெறும் தேன்கூட்டுக் கட்டங்கள். அவள் நிழல் விழுந்ததும் தட்டல் நின்றது.

மெர்லின் அரவை மிஷினின் சுவிட்சைப் போட்டுவிட்டு, முட்டை மூடி முடியட்டும் என்று காத்திருந்தாள்.